கம்பிக்குக் காசு கொடுக்கிறோம், கணக்குக்கு?

சைக்கிள் கடையில் நாம் பேரம் பேசுகிற முறை எல்லோருக்கும் ஒன்றுதான். கம்பி என்ன விலை என்று கேட்போம். பத்துக் கம்பி போட்டால் எவ்வளவு ஆகும் என்று கேட்போம். அதற்கு மேல் கூலி என்று கடைக்காரர் ஒரு தொகையைச் சொன்னால் முகம் மாறிவிடும். "கம்பியை மாட்டித் திருகுறதுக்கு இவ்வளவா அண்ணாச்சி?" என்போம். அவரும் குறைத்துக்கொள்வார். குறைத்த கூலிக்கு ஏற்ற வேலையைச் செய்து கொடுப்பார். இரண்டு மாதத்தில் அதே சக்கரத்தில் அதே பக்கத்தில் கம்பி ஒடியும். "இப்ப வர்ற கம்பி எதுவும் தரமில்ல" என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போவோம்.

கம்பியின் மேல் போடுகிற இந்தப் பழி பெரும்பாலும் அநியாயம் என்பது என் எண்ணம். சக்கரத்துக்குப் பொருத்தமான நீளத்தில் கம்பி வாங்கி, எல்லாவற்றையும் ஒரே இறுக்கத்தில் கட்டினால், சாதாரணக் கம்பியே வருடக்கணக்கில் உழைக்கும். நீளம் தப்பினால் எவ்வளவு விலை உயர்ந்த கம்பியும் உழைக்காது. நீளத்தை அளக்கவும், இறுக்கத்தைச் சரிபார்க்கவும் ஒரு மனிதனின் நேரமும் அறிவும் வேண்டும். அதற்குத்தான் நாம் காசு கொடுக்க மறுக்கிறோம். இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பள்ளிக்கூடக் கணக்குத்தான், பயப்பட வேண்டாம்.

சைக்கிளைப் பற்றி இந்தக் காலத்தில் யாருக்கு அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் திரேஸ்புரத்துக்குக் காலையில் வந்து பாருங்கள். பக்கிள் ஓடை கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் நாட்டுப்படகுகள் கரைக்கு வந்து மீன் ஏலம் போகும். சுற்றிலும் மோட்டார் சைக்கிள்களும் சின்ன யானை வண்டிகளும் நிற்கும், உண்மைதான். அவற்றுக்கு நடுவே கேரியரில் பெட்டி கட்டிய பழைய சைக்கிள்களும் நிற்கும். மீனும் ஐஸும் சேர்த்து எழுபது, எண்பது கிலோ அதில் ஏறும். உப்பளத்து வேலைக்குப் போகிறவர்களிலும் சைக்கிளை விடாதவர்கள் இருக்கிறார்கள். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள் இருக்கிறதே, 2001-02 கல்வியாண்டில் தொடங்கிய திட்டம், அந்தச் சைக்கிள்களும் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் வீட்டில் சும்மா நிற்பதில்லை. மகள் பள்ளிக்கு ஓட்டிய சைக்கிளில் இன்றைக்கு அப்பா மீன் விற்கிறார். புத்தகப் பையைச் சுமக்கச் செய்த சக்கரம் மீன் பெட்டியைச் சுமக்கிறது.

அந்தச் சக்கரத்தின் உழைப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. ஒரு மீன்காரர் தினமும் 20 கிலோமீட்டர் சுற்றினால் 9,000 சுற்று. வருடத்தில் 300 நாள் தொழில் என்றால் 27 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தரைப் பக்கம் வந்து போகிறது. வரும்போது அதன் இறுக்கம் குறைகிறது, மேலே போகும்போது திரும்பக் கூடுகிறது. 27 லட்சம் தடவை இப்படித் தளர்ந்து இறுகினால் இரும்பும் சலித்துப் போகும். கம்பி ஒடிவது பெரும்பாலும் பாரத்தால் அறுந்துபோய் அல்ல, இப்படிச் சலித்துப் போய்த்தான். ஹப்பில் மாட்டுகிற வளைந்த கழுத்தில்தான் அதிகம் ஒடியும். தளர்வாகக் கட்டிய கம்பி ஒவ்வொரு சுற்றிலும் கழுத்தில் ஆடும், அதனால் சீக்கிரம் ஒடியும். இறுக்கமாகக் கட்டிய கம்பி ஆடாது, நீண்ட நாள் நிற்கும். நம்மில் பலர் இதை நேர்மாறாக நினைத்துக்கொண்டு, "ரொம்ப இறுக்காதீங்க, ஒடிஞ்சிடும்" என்று கடைக்காரருக்கே புத்தி சொல்கிறோம்.

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். குடம், ஆரக்கால், வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டா. அந்த மர ஆரக்கால் தூண் மாதிரி. குடத்தின் பாரம் அடியில் உள்ள காலின் மேல் இறங்கும், கால் அதைத் தாங்கும். சைக்கிள் கம்பியால் அப்படித் தூணாக நிற்க முடியாது. மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். அதற்கு இழுக்க மட்டுமே தெரியும். எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இழுத்து இறுக்கி வைத்திருப்பதால்தான் சக்கரம் வட்டமாக நிற்கிறது. இந்த வேலைப்பாட்டுக்கு 1869-இல் பாரிஸில் எழேன் மேயர் என்பவர் காப்புரிமை பெற்றார். கம்பிகளை நடுவிலிருந்து நேராக விடாமல், ஒன்றையொன்று குறுக்கே கடக்கும்படி சாய்த்துப் பின்னும் முறைக்கு 1874-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி காப்புரிமை பெற்றார். இன்றைக்கு நம் தெருவில் ஓடுகிற சைக்கிளின் சக்கரம் அந்த ஸ்டார்லி முறைதான். நூற்றைம்பது வருடத்தில் அதை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் 'ரெயோன்' என்று ஒரு சொல் உண்டு. வட்டத்தின் ஆரத்துக்கும் அதுதான் பெயர், சக்கரத்தின் கம்பிக்கும் அதுதான் பெயர். சூரியக் கதிருக்கும் அதே சொல். சிறு வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு பார்த்தால் நம் தமிழிலும் அதே கதைதான். வட்டத்தின் ஆரமும் வண்டியின் ஆரக்காலும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆரம் என்பது ஏட்டில் கோடு, சக்கரத்தில் கால். பள்ளிக்கூடத்தில் ஏட்டுக் கோட்டை மட்டும் சொல்லிக்கொடுத்து, சக்கரத்தைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டோம். அதனால்தான் வட்டத்தின் பரப்பளவு தெரிந்த பையனுக்கும் தன் சைக்கிளுக்கு என்ன நீளத்தில் கம்பி வாங்குவது என்று தெரிவதில்லை.

கம்பியில் முதலில் பார்க்க வேண்டியது தடிமன். கடையில் 14-ஆம் நம்பர், 13-ஆம் நம்பர் என்பார்கள். இது ஆங்கிலேயர் கணக்கு. இதில் நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும். 14 என்றால் ஏறக்குறைய 2 மி.மீ., 15 என்றால் 1.8 மி.மீ., 13 என்றால் 2.3 மி.மீ. பிரெஞ்சுக்காரர்களின் பாரிஸ் கேஜில் இது தலைகீழ். அங்கே நம்பர் கூடினால் தடிமன் கூடும். அவர்களின் 13 என்பது 2 மி.மீ., 12 என்பது 1.8 மி.மீ. ஆகவே நம்பரை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டு வாங்குவதே நல்லது.

பாரம் ஏற்றுகிறவர்கள் தடித்த கம்பிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். 13-ஆம் நம்பரில் 14-ஐ விட மூன்றில் ஒரு பங்கு இரும்பு அதிகம் என்பது உண்மை. ஆனால் தடித்த கம்பிக்குத் தகுந்த துளை ஹப்பில் இருக்க வேண்டும். அந்தக் கம்பியை அதற்கு உரிய அளவு இழுத்துக் கட்டவும் வேண்டும். மெல்லிய கம்பிக்குப் போதுமான இறுக்கத்தோடு தடித்த கம்பியை விட்டுவிட்டால், அது குறைவாகவே நீண்டிருக்கும், பாரம் ஏறியதும் சீக்கிரம் தளர்ந்துவிடும். தடித்த கம்பி வாங்கித் தளர்வாகக் கட்டுவதற்கு, 14-ஆம் நம்பர் வாங்கிச் சீராக இறுக்கிக் கட்டுவது மேல். நம் ஊர்ப் பெரிய சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 துளை, பின் சக்கரத்துக்கு 40 துளை. இதுவும் ஆங்கிலேயர் வழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டுக்கும் 36 வைப்பார்கள். நம் பாரமெல்லாம் பின்னால்தான் இருக்கிறது என்பதால், இந்த ஒரு விஷயத்தில் நான் ஆங்கிலேயர் பக்கம்.

அடுத்தது உலோகம். கடற்கரையில் இதுதான் பெரிய பிரச்சினை. உப்புக் காற்று ஒரு பக்கம், மீன் பெட்டியிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். அந்தத் தண்ணீர் நேராகப் பின் சக்கரத்தின் மேல்தான் விழுகிறது. துத்தநாகம் பூசிய கம்பி உள்ளூர்க்காரர்களுக்குப் போதும். நமக்குக் கொஞ்ச நாளில் பூச்சு போய்த் துரு தெரியும். கையில் காசு இருந்தால் எவர்சில்வர் கம்பி வாங்குங்கள். காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்று சிலர் கடையிலேயே சோதிப்பார்கள். நல்ல எவர்சில்வரும் கம்பியாக இழுக்கப்படும்போது கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும். அந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கம்பி எதுவானாலும் நிப்பிள் பித்தளையாக இருக்கட்டும். இரும்பு நிப்பிள் துருப்பிடித்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டால், பிறகு சாவியால் திருகும்போது கம்பியே முறுக்கிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்பு நல்ல தண்ணீரைச் சக்கரத்தின் மேல் ஊற்றிவிடுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

இப்போது நீளம். கம்பியின் நீளம் என்பது வளைந்த கழுத்தின் உட்பக்கத்திலிருந்து மரையின் நுனி வரை. கடையில் "28 சைக்கிள் கம்பி" என்று கேட்கிறோம். அப்படி ஒரு கம்பி கிடையாது. ரிம் ஒரு அளவு, ஹப் ஒரு அளவு, பின்னல் ஒரு விதம். இவை மூன்றும் சேர்ந்துதான் நீளத்தைத் தீர்மானிக்கின்றன.

முதல் அளவு ரிம். டயர் உட்காருகிற இடத்தையோ வெளி விளிம்பையோ அளந்தால் பயனில்லை. கம்பியின் நுனி எங்கே போய் நிற்கிறதோ அந்த வட்டத்தின் விட்டம் வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. இரண்டு பழைய கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிப்பிளைத் திருகி, நிப்பிளின் தலையில் ஸ்குரூடிரைவர் வைக்கிற வெட்டின் அடிமட்டத்துக்குக் கம்பியின் நுனி வரும்படி நிறுத்துங்கள். அந்த இடத்திலிருந்து சரியாக 250 மி.மீ. விட்டு மறுமுனையை வெட்டிவிடுங்கள். ரிம்மில் நேர் எதிரெதிரான இரண்டு துளைகளில் இவற்றை மாட்டி உள்நோக்கி இழுத்துப் பிடித்து, நடுவில் மிஞ்சும் இடைவெளியை அளங்கள். இரண்டு 250-உம் அந்த இடைவெளியும் சேர்ந்ததுதான் விட்டம். நான் அளந்த ஒரு ரிம்மில் இடைவெளி 122, ஆக விட்டம் 622, அதில் பாதி 311. ரிம் கோணலாக இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டாவது, ஹப்பின் பக்கத் தட்டு. அதில் துளைகள் ஒரு வட்டமாக இருக்கும். ஒரு துளையின் உள் விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் வெளி விளிம்பு வரை அளந்தால், அது நடுவுக்கு நடு அளவாகிவிடும். என் உதாரணத்தில் 45, பாதி 22.5. மூன்றாவது, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் உள்ள தூரம், 64. பாதி 32. நான்காவது பின்னல், அதாவது ஒரு கம்பி ஹப்பிலிருந்து ரிம்முக்குப் போகும் வழியில் அதே பக்கத்தில் உள்ள எத்தனை கம்பிகளைக் கடக்கிறது என்பது. விரலை வைத்து எண்ணிவிடலாம்.

40 துளை ஹப்பில் ஒரு பக்கத்துக்கு 20 துளை. 360 பாகையை 20-ஆல் வகுத்தால் 18. நான்கு பின்னல் என்றால் நான்கு பதினெட்டு 72 பாகை. இனி முக்கோணக் கணக்குதான். இரண்டு பக்கமும் நடுவில் உள்ள கோணமும் தெரிந்தால் மூன்றாவது பக்கத்தைக் கண்டுபிடிக்கிற கொசைன் விதியைப் படித்திருப்பீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் இப்போது இதை அல்-காஷி தேற்றம் என்கிறார்கள், 15-ஆம் நூற்றாண்டில் சமர்கண்டில் வாழ்ந்த பாரசீகக் கணித அறிஞரின் பெயரால்.

311-இன் வர்க்கம் 96,721. 22.5-இன் வர்க்கம் 506. 32-இன் வர்க்கம் 1,024. மூன்றும் சேர்ந்து 98,251. இதிலிருந்து 2 × 311 × 22.5 × 72 பாகையின் கொசைன், அதாவது 13,995 × 0.309, ஏறக்குறைய 4,324-ஐக் கழித்தால் 93,927. இதன் வர்க்கமூலம் 306.5. ஹப் துளையின் விட்டத்தில் பாதி, 1.2 மி.மீ.-ஐக் கழித்தால் 305.3. நமக்கு வேண்டிய கம்பி 305 மி.மீ. பழைய கணக்கில் 12 அங்குலம்.

கொசைன் மறந்துபோனவர்கள் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் உண்மை அளவிலேயே வரையலாம். ஒரே மையத்தில் 22.5-க்கு ஒரு வட்டம், 311-க்கு ஒரு வட்டம், நடுவில் 72 பாகை. இரண்டு புள்ளிக்கும் இடையே டேப்பை வைத்தால் ஏறக்குறைய 305 வரும். அதையும் 32-ஐயும் வைத்துப் பிதாகரஸ் தேற்றம் போட்டால் 306.5. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஹப்பின் அகலத்தில் பாதி 32 மி.மீ. இருந்தும் நீளத்தில் கூட்டுவது 2 மி.மீ.-க்கும் குறைவு. அந்த அளவில் ஒன்றிரண்டு மி.மீ. பிசகினாலும் ஒன்றும் ஆகாது. ரிம்மின் விட்டத்தில் 4 மி.மீ. பிசகினால் கம்பியில் 2 மி.மீ. அப்படியே பிசகும். ஆக, பொறுமையை எங்கே செலவழிக்க வேண்டும் என்றால் ரிம்மை அளக்கும்போதுதான்.

இதே சக்கரத்தை மூன்று பின்னலாகக் கட்டினால்? கோணம் 54 பாகை. கணக்குப் போட்டால் 298.8 மி.மீ., பழைய கணக்கில் பதினொன்றே முக்கால் அங்குலம். ரிம் அதுவேதான், ஹப்பும் அதுவேதான். பின்னல் ஒன்று குறைந்ததற்குக் கம்பி கால் அங்குலம் குறைகிறது. தச்சர்களும் மெக்கானிக்குகளும் சொல்கிற 'நூல்' கணக்கில் இரண்டு நூல். ஒரு நூல் என்பது அரைக்கால் அங்குலம், 3 மி.மீ.-க்குச் சற்று மேல். கம்பி தாங்கக்கூடிய பிசகு ஒன்றிரண்டு மி.மீ.தான். ஒரு நூல் என்பதே அதிகம், இரண்டு நூல் என்றால் கேட்கவே வேண்டாம்.

நீளம் குறைந்தால் நிப்பிளுக்குள் மரை கொஞ்சம்தான் பிடித்திருக்கும். ஒரு குழியில் இறங்கியதும் நிப்பிளின் தலை பிய்ந்துவிடும். நீளம் கூடினால் நுனி நிப்பிளைத் தாண்டி வெளியே வந்து டியூபைக் குத்தும். அதைக்கூட அரத்தால் ராவிவிடலாம். அதைவிட மோசமானது வேறு. மரை முடிந்துபோய், நிப்பிள் அதற்கு மேல் திரும்பாது. சாவிக்கு இறுகிவிட்ட மாதிரி தெரியும். நிப்பிள்தான் இறுகியிருக்கும், கம்பி இறுகியிருக்காது.

எங்கள் தெருவில் மீன் விற்கிற ஒருவருக்கு நடந்தது இதுதான். ரிம் வளைந்துவிட்டது என்று ஒரு கடையில் புது ரிம்மும் புதுக் கம்பியும் போட்டுப் பின் சக்கரத்தைக் கட்டினார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு கம்பி ஒடிந்தது. "மாசம் நாலு கம்பி போகுது சார். மீன் வித்த காசு கம்பிக்கே சரியாப் போகுது" என்றார். ஒடிகிற அன்றைக்குக் காசு மட்டும் போவதில்லை. வெயில் ஏறுவதற்குள் விற்க வேண்டிய மீன் கடையில் காத்துக்கிடக்கும். ஐஸ் கரையும். பதினோரு மணி மீனுக்குக் காலை ஆறு மணி விலை கிடைக்குமா? அவர் வீட்டில் அந்த நாளின் அரிசி அதில்தான் இருக்கிறது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று பின்னல். கம்பி 12 அங்குலம். நான்கு பின்னலுக்கான கம்பியை மூன்று பின்னலில் மாட்டியிருந்தார்கள். நீளம் மிஞ்சியதால் நிப்பிளுக்கு அடியில் வாஷர் போட்டு, நுனிகளை ராவியிருந்தார்கள். கம்பிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து விரல்களால் அழுத்தினால் கயிறு மாதிரி அமுங்கின. வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒரு கம்பியைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்தார். "சத்தமே இல்ல பாருங்க. செத்த கம்பி" என்றார். அவருக்கு கொசைன் தெரியாது. ஆனால் பின்னல் ஒன்று கூடினால் கால் அங்குலம் கூடும் என்பது கையில் தெரிந்திருந்தது. என் தாளில் வந்த எண்ணும் அவர் கை சொன்ன எண்ணும் ஒன்றாக இருந்ததைப் பார்த்து இருவருக்குமே சந்தோஷம்.

அவர் செய்தது மிக எளிமையான வேலை. வேறு நீளம் தேடவில்லை. அதே 12 அங்குலத்தில் புதுக் கம்பி வாங்கி, நான்கு பின்னலாகக் கட்டினார். ஒவ்வொன்றையும் சுண்டி ஒரே சுருதிக்குக் கொண்டுவந்தார். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கையால் அழுத்தி, கழுத்து ஹப்பில் நன்றாகப் படியும்படி செய்தார். பிறகு மறுபடியும் கோட்டம் எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்தச் சக்கரம் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு கம்பி ஒடியவில்லை.

அவர் கேட்ட கூலி ஒரு கொத்தனாரின் இரண்டு மணி நேரக் கூலியை விடக் குறைவு. அதற்கே மீன்காரர் தயங்கினார். அதற்கு முந்தைய நான்கு மாதத்தில் ஒடிந்த கம்பிகளுக்கு அவர் கொடுத்ததைக் கூட்டிச் சொன்ன பிறகுதான் மனம் வந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையில் வாங்கிப் பார்க்க முடிகிற கம்பிக்குக் காசு கொடுப்பது சுலபம். அளந்ததற்கும் எண்ணியதற்கும் சுண்டிக் கேட்டதற்கும் கொடுப்பது கஷ்டம். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் என்பதால் இது எனக்கு நன்றாகவே தெரியும். கோப்பில் எழுதிய இரண்டு வரியைத்தான் பார்ப்பார்கள், அதை எழுதப் புரட்டிய இருபது கோப்புகளை யாரும் பார்ப்பதில்லை.

மாற்றுக் கருத்தையும் சொல்ல வேண்டும். முழுச் சக்கரமாகவே கட்டித் தயாராகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தச் சிரமம் என்று என் மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. இயந்திரத்தில் கட்டிய சக்கரத்தில் கம்பியின் நீளம் சரியாகவே இருக்கும். ஆனால் அதுவும் பாரம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு முறை இறுக்கம் பார்த்து வாங்க வேண்டிய சக்கரம்தான். புது ஹப்புக்கும் பேரிங்குக்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம், பழைய ஹப் நன்றாக இருந்தாலும் தூக்கிப் போடுகிறோம். புதுச் சக்கரத்தில் முதல் கம்பி ஒடிந்ததும் மறுபடியும் அதே கேள்விதான் வரும்: என்ன நீளம்? கடைக்காரருக்கு அனுபவம் போதும், கணக்கு எதற்கு என்பது இன்னொரு வாதம். எல்லாச் சைக்கிளும் ஒரே அச்சில் வந்த காலத்துக்கு அது சரி. இன்றைக்கு இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது என்று ரிம்கள் வருகின்றன. கியர் சைக்கிளின் பின் சக்கரத்தில் வலப் பக்கக் கம்பி இடப் பக்கத்தை விட ஒன்றிரண்டு மி.மீ. குட்டையாக இருக்க வேண்டும். கையின் ஞாபகம் ஒரு ரிம்முக்குப் பழகியது. புது ரிம் வந்தால் அளந்துதான் ஆக வேண்டும். அந்தப் பெரியவரின் கடையில் வேலை பழக இப்போது பையன்களும் இல்லை. அவர் கையில் இருப்பது அவரோடு போய்விடும்.

கடலின் ஆழத்தைப் பாகம் கணக்கில் சொல்கிற ஊர் இது. சங்கு குளிக்கப் போகிறவர்கள் எத்தனை பாகம் என்று கேட்காமல் இறங்க மாட்டார்கள். வலையின் கண்ணை விரலால் அளந்து வாங்குகிற கைகள் இவை. அளவு என்பது இந்த மக்களுக்குப் புதிதல்ல. சைக்கிள் கம்பிக்கு மட்டும் அளவு கேட்காமல் வாங்கப் பழகிவிட்டோம்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தார் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுதப் படிப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் ஒரே பாடத்தின் இரண்டு பக்கம் என்று அவர்கள் கண்டதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அடுத்த பாடம் இந்தக் கணக்கு. ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்கள் ஒரு நாள் ஒரு பழைய ரிம்மையும் ஹப்பையும் வகுப்புக்குக் கொண்டுபோகலாம். சுண்ணாம்புக் கோட்டில் ஆரம் எது, கோணம் எது என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். அரசு கொடுக்கிற சைக்கிளின் சக்கரத்துக்கு என்ன நீளக் கம்பி, எத்தனை பின்னல் என்பதை ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்து சைக்கிளோடு கொடுத்தால் இன்னும் நல்லது.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எந்த ரிம், எந்த ஹப், எத்தனை பின்னல், என்ன நீளம் என்று ஒவ்வொரு சக்கரம் கட்டியதும் ஒரு வரி எழுதி வையுங்கள். ஒரு வருடத்தில் உங்கள் கடையின் அட்டவணை தயாராகிவிடும். பிறகு கொசைனும் வேண்டாம், சாக்பீஸும் வேண்டாம். கூலியைச் சொல்லும்போது "அளந்து கட்டுற கூலி" என்று பெயர் வைத்தே சொல்லுங்கள்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கு வேலை இன்னும் குறைவு. அடுத்த முறை கம்பி ஒடிந்தால் "பத்துக் கம்பி எவ்வளவு" என்று தொடங்காதீர்கள். "எத்தனை பின்னல் அண்ணாச்சி, என்ன நீளம் போடுறீங்க" என்று கேளுங்கள். அவர் அளக்கத் தொடங்கினால் காத்திருங்கள். முடிந்ததும் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.